பட்டறைக்கு வராத கருவிகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் ஃபீனிக்ஸ் பகுதியில் பெற்றோருடன் இருந்த பெரிய வீட்டை விட்டு, திருமணமாகி, இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகும் ஒருவர் கேட்டிருக்கிறார். கல்யாணப் பரிசாக வந்தவையும் அம்மா கொடுத்தனுப்பியவையுமாக இரண்டு மிக்ஸி, ஒரு ஃபுட் பிராசசர், ஏர் ஃபிரையர், மின்சார ரொட்டி மேக்கர், ஸ்லோ குக்கர், ஜூசர், பிரெட் மேக்கர், முட்டை அவிக்கும் கருவி, அமெரிக்காவிலிருந்து சித்தி அனுப்பிய மாவு பிசையும் இயந்திரம் எல்லாம் சேர்ந்துவிட்டனவாம். புது வீட்டின் சமையல் மேடையோ இரண்டு முழம் நீளம். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது: விலை உயர்ந்த பொருள்களாக இருந்தும் கை அவற்றின் பக்கம் போவதில்லை, குறை என்னிடமா பொருளிடமா என்று கேட்டு முடித்திருக்கிறார். இடம் போதாதது ஒரு சிக்கல், கை போகாதது வேறொரு சிக்கல். இரண்டாவது விளங்கிவிட்டால் முதலாவது தானே தீர்ந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் மின் வேலை பழகியவன். அதே நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டுச் சாமான்கள் பழுதுபார்க்கும் சிறு பட்டறை நடத்துகிறேன். பல ஆண்டுகளாக இதே பிழைப்பு. இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. எந்தக் கருவியை மக்கள் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்பதை அவர்கள் வாய்ச்சொல்லைக் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். பட்டறைக்கு வருவதெல்லாம் உழைத்துக் களைத்த பொருள். மிக்ஸி வரும், கெட்டில் வரும், மைக்ரோவேவ் வரும், பிரஷர் குக்கருக்கு காஸ்கெட் கேட்டு வருவார்கள். ஜூசர் வருவது அபூர்வம். அது கெட்டுப்போகாத பொருள் என்று நினைத்துவிடாதீர்கள், யாரும் ஓட்டுவதில்லை. அப்படியே வந்தாலும் வாங்கிய அட்டைப்பெட்டியோடு, பிளக்கின் மேல் மாட்டிய பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் வரும். விற்பதற்கு முன் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துத் தரச் சொல்வார்கள்.

இந்தக் கணக்கில் ஓட்டையும் இருக்கிறது. மலிவு விலைச் சாமான் பழுதானால் நேரே குப்பைக்குப் போகும், என் மேசைக்கு வராது. அதனால் மலிவுப் பொருள்களைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள். ருசி விஷயத்திலும் என் தீர்ப்பு செல்லாது. கருவி எப்படி ஓடுகிறது, எதனால் நிற்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

கை போகாததற்குக் காரணம் பெரும்பாலும் கருவியின் குறையும் இல்லை, உங்கள் சோம்பலும் இல்லை. எடுப்பது, பூட்டுவது, கழுவுவது என்ற மூன்று வேலைகளும் சேர்ந்து, கருவி மிச்சப்படுத்தும் நேரத்தை விழுங்கிவிடுகின்றன. ஜூசரைப் பாருங்கள். மூடி, தள்ளும் கட்டை, சல்லடை, சக்கைக் கூடை, சாறு வடியும் கிண்ணம் என ஐந்தாறு துண்டுகள். சல்லடையின் கண்களில் கேரட் நார் சிக்கிக்கொண்டால் பிரஷ் வைத்துத் தேய்த்தாக வேண்டும், காய்ந்துவிட்டால் தேய்த்தும் போகாது. ஒரு தம்ளர் சாறுக்கு இவ்வளவு மல்லுக்கட்டு. முதல் வாரம் உற்சாகத்தில் செய்வோம், பிறகு பழத்தை அப்படியே கடித்துத் தின்றுவிடுவோம். முட்டை அவிக்கும் கருவிக்கும் இதே கதை. ஒரு சட்டியும் தண்ணீரும் செய்யும் வேலையைச் செய்ய அது தனியாக ஓர் இடம் கேட்கிறது. கொடுத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பிரெட் மேக்கரும் அப்படித்தான். தெருமுனைக் கடையில் தினமும் புது பிரெட் கிடைக்கும் ஊரில் அதற்கு வேலை இல்லை. கடை பிரெட் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் மட்டும் வேறு கணக்கு.

மிக்ஸியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் உண்மையாகவே உழைக்கும் இயந்திரம் அது ஒன்றுதான். வாரத்துக்கு ஒருமுறை இஞ்சி பூண்டு அரைத்து பாட்டிலில் அடைப்பது முதல் சட்னிக்குத் தேங்காய் அரைப்பது வரை எல்லாம் அதன் தலையில். பிளெண்டர் இருக்கிறதே, அது போதாதா என்று இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கேட்பார்கள். போதாது. பிளெண்டர் தண்ணீர் நிறைய உள்ளதைச் சுழற்றிக் கலக்குவதற்கான ஜாடி. தண்ணீர் விடாமல் காய்ந்த மல்லியையும் மிளகையும் அரைக்கும் வேலைக்கு, அடிப்பாகம் அகன்று கத்தி தரையை ஒட்டிச் சுழலும் ஸ்டீல் ஜார் வேண்டும். இந்திய மிக்ஸியின் முழு சாமர்த்தியமும் அந்த ஜாரின் வடிவத்தில் இருக்கிறது. இரண்டு மிக்ஸியில் எதை வைத்துக்கொள்வது என்று வாட்ஸ் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 500 வாட்ஸ் மிக்ஸியே இருவர் வீட்டுக்குத் தாராளம், 750 வாட்ஸ் என்றால் எதற்கும் அஞ்ச வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு. ஜாரைக் கவிழ்த்து, அடியில் உள்ள கப்ளரை, அதாவது ஜாரை மோட்டாரோடு இணைக்கும் பல் வைத்த துண்டை, விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கத்தியைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அடுத்து அந்த வழியாகக் கறுப்பாக ஒரு கசிவு வரும். சட்னியில் கறுப்புக் கோடு தெரிந்தால் அது கடுகு அல்ல, அந்த ஜாரை உடனே நிறுத்துங்கள். பிறகு இரண்டு மிக்ஸியில் எதற்கு இங்கே ஜாரும் கப்ளரும், மோட்டாருக்குள் மின்சாரம் ஏற்றும் கரித்துண்டான கார்பன் பிரஷ்ஷும் கிடைக்கும் என்று விசாரியுங்கள். பழைய கிரே ஸ்ட்ரீட், இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட், அந்தப் பக்கத்து இந்தியச் சாமான் கடைகளில் உதிரிபாகம் கிடைக்கும் மிக்ஸியே உங்களுக்கு ஏற்றது, அது எவ்வளவு பழசானாலும்.

மிக்ஸி நின்றுவிட்டது என்று பதறி வருகிறவர்களில் கணிசமானவர்களை நான் காசு வாங்காமலே திருப்பி அனுப்புகிறேன். அடியில் ஒரு சிறு சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் கூடி மோட்டார் சூடானால் அது வெளியே துள்ளி மின்சாரத்தைத் துண்டிக்கும். சற்று ஆறவிட்டு உள்ளே அழுத்தினால் மிக்ஸி மறுபடி ஓடும். வழக்கமாக 5 நிமிடம் ஓட்டினால் 2 நிமிடம் ஓய்வு கொடுக்கச் சொல்வார்கள். உளுந்தை மலையாகக் கொட்டிப் பத்து நிமிடம் விடாமல் ஓட்டினால் அந்தப் பொத்தான் துள்ளத்தான் செய்யும், அது பழுதல்ல, காவல். கப்ளர் தேய்ந்து பல் போய்விட்டால் நீங்களே மாற்றலாம், ஆனால் பல மிக்ஸிகளில் மரை எதிர்ப்பக்கமாக இருக்கும். மற்றத் திருகாணிகளைக் கழற்றுவதுபோல் திருப்பினால் மேலும் இறுகிக்கொள்ளும். அப்படி முறுக்கி உடைத்துக்கொண்டு வந்த தண்டுகளை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன்.

ஃபுட் பிராசசரை, மிக்ஸி இருக்கும் வீட்டில், கூட்டம் கூடும் நாளுக்குத்தான் எடுப்பார்கள். இருபது பேருக்கு முட்டைக்கோஸ் சீவுவதற்கு அது தேவதைதான். இருவருக்கு என்றால் நல்ல கத்தி முந்திக்கொள்ளும். கத்தி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சமையலறையில் அதிகம் கவனிக்கப்படாத கருவி கத்திதான். மழுங்கிய கத்தியை வைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்க ஒன்று, பூண்டு நசுக்க ஒன்று, தக்காளி வில்லை போட ஒன்று என்று இழுப்பறை முழுக்கக் கருவி வாங்குகிறோம். ஒரு கத்தியும் அதைத் தீட்ட ஒரு கல்லும் இருந்தால் அந்த இழுப்பறை காலியாகிவிடும்.

அடுத்தது பிரஷர் குக்கர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டர்பன் வீடுகளில் சுகர் பீன்ஸ் எனும் புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸில் செய்த கறி வாரம் தவறாமல் இருக்கும், பருப்பு தினமும் இருக்கும். திறந்த சட்டியில் பீன்ஸ் ஒன்றரை, இரண்டு மணி நேரம் இழுக்கும். குக்கரில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் ஏறும்போது தண்ணீர் ஏறக்குறைய 121 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், ஊறிய பீன்ஸ் அரை மணிக்குள் குழைந்துவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் உறவினர்களுக்கு இது இன்னும் அவசியம். அந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே திறந்த சட்டியில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். டர்பனில் வேகும் பீன்ஸ் அங்கே வேக மறுக்கிறதே, பீன்ஸ் பழசோ என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள், பாவம். அடுப்பில் வைக்கும் குக்கரா, மின்சாரக் குக்கரா என்றால் நான் அடுப்புக் குக்கர் பக்கம். மின்சாரக் குக்கர் தானே நின்றுகொள்ளும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் அதில் அழுத்தம் பெரும்பாலும் சற்றுக் குறைவு, உள்ளே மின்னணுப் பலகை வேறு. அடுப்புக் குக்கரில் கெட்டுப்போக இருப்பது காஸ்கெட்டும் சேஃப்டி வால்வும்தான். காஸ்கெட் விறைத்துப்போய் வளைத்தால் வெடிப்பு விட்டால் மாற்றுங்கள். சேஃப்டி வால்வுக்குப் பதிலாக வேறு எதையாவது அடைத்து ஒட்டவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

ஸ்லோ குக்கரைக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம், காரணம் இடம் மட்டும் அல்ல. காய்ந்த பீன்ஸில், குறிப்பாகச் சிவப்பு கிட்னி பீன்ஸில், பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் பீன்ஸ் மெத்தென்று ஆகிவிடும், நச்சு மட்டும் அப்படியே இருக்கும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுக்க வேண்டியதுதான். சுகர் பீன்ஸும் அதே இனம்தான், அதனால் விதி ஒன்றே. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் மெதுச் சூட்டுக்குப் போக வேண்டும். அரை மணி கொதித்தால் இன்னும் நிம்மதி. இதைப் பழக்கமாகச் செய்கிறவர் ஸ்லோ குக்கரைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆட்டுக்கறிக்கு அது அருமையான கருவி. செய்ய மறக்கிறவர் வைத்துக்கொள்ளக் கூடாது.

அதே வேலையை மின்சாரமே இல்லாமல் செய்யும் பொருள் ஒன்று நம் நாட்டிலேயே பிறந்தது. 2008இல் சாரா காலின்ஸ் என்பவர் உருவாக்கிய வொண்டர்பேக். உள்ளே அடைப்பு வைத்துத் தைத்த மெத்தைப் பை, அவ்வளவுதான். கொதிக்கும் சட்டியை மூடியோடு அதற்குள் இறக்கி இறுகக் கட்டினால் மணிக்கணக்கில் சூடு இறங்காமல் தானே வேகும். 2007 கடைசியில் தொடங்கி 2023இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டுக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் இராச்சாப்பாட்டைக் காப்பாற்றியது இதுதான். பை வாங்கக்கூட வேண்டாம், கனமான சட்டியைப் பழைய கம்பளியில் நான்கு சுற்றுச் சுற்றினால் அதே வேலை நடக்கும். பாதிச் சட்டிக்கு வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும், முக்கால் சட்டியாவது இருக்க வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்த கறி கிருமிக்கு விருந்து, ஆகவே பரிமாறும் முன் ஒரு கொதி விட்டுவிடுங்கள். 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு மின்வெட்டு வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றாலும், இரண்டு பர்னர் கேஸ் அடுப்பும் 9 கிலோ சிலிண்டரும் இருக்கும் வீட்டை நான் புத்திசாலி வீடு என்பேன். அடுக்குமாடியில் சிலிண்டர் வைக்கக் கட்டட நிர்வாகத்தின் விதி என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரொட்டி மேக்கரைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். இரண்டு சூடான தட்டுகளுக்கு நடுவே மாவு உருண்டையை வைத்து அழுத்தச் சொல்கிறார்கள். மாவு பரவுவதற்கு முன்பே மேல்தோல் வெந்து இறுகிவிடும், இன்னும் அழுத்தினால் ஓரம் கிழியும் அல்லது அப்பளமாகும். மாவை வழக்கத்தைவிட இளக்கமாகப் பிசைந்தால் ஓரளவு வரும் என்பார்கள், வரவும் செய்யும். ஆனால் நம் வீட்டு ரொட்டி வெந்நீரில் பிசைந்து, மார்ஜரின் சேர்த்து, மெல்லியதாக இட்டு, தவாவில் புரட்டியெடுத்து, துணிக்குள் அடுக்கி மூடிவைப்பது. அந்தப் பதம் கருவியில் வராது. ஒரு கனத்த இரும்புத் தவா வாங்குங்கள், அது பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும். நான்-ஸ்டிக் தவாவில் ரொட்டி சுடாதீர்கள். எண்ணெய் இல்லாத காய்ந்த தவா நல்ல அடுப்பில் சில நிமிடங்களில் 260 டிகிரியைத் தாண்டக்கூடும், அதற்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். அந்தப் புகை கூண்டுக்கிளியைக் கொன்றுவிடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். நான்-ஸ்டிக்கை முட்டைக்கும் தோசைக்கும் மிதமான தீயில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் ஃபிரையர் விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது அவ்வளவு எளிதில்லை. அது பொரிக்கும் கருவி அல்ல, மின்விசிறி வைத்த குட்டி ஓவன். சிறிய அறையில் சூடான காற்றை வேகமாக அடிப்பதால் பெரிய ஓவனைவிடச் சீக்கிரம் வேலை முடியும், மின்சாரமும் குறையும். இதுவரை நிச்சயம். இருவர் உள்ள வீட்டில் கோழித்துண்டு சுட, நேற்றைய சமோசாவை மொறுமொறுப்பாக்க, உருளைக்கிழங்கு வதக்க அது நன்றாக உழைக்கும், என் பட்டறைக்கும் உழைத்த அடையாளத்தோடு வரத் தொடங்கிவிட்டது. ஆறேழு பேர் வீட்டில் கூடை கூடையாக மூன்று முறை வைத்து எடுப்பதற்குள் முதல் கூடை ஆறிவிடும், அங்கே அது மூலைக்குப் போகும். வடை சுடலாம் என்று நம்பி வாங்கியிருந்தால் ஏமாற்றம்தான். இளக்கமான மாவு கூடையின் துளை வழியே சொட்டிவிடும், கெட்டியாகத் தட்டி வைத்தால் வெந்த உருண்டை கிடைக்கும், வடை கிடைக்காது. வாங்கி எத்தனை வருடம் தாங்கும் என்பதில் என் கணிப்பு உறுதியானதல்ல. விசிறி மோட்டாரைவிடக் கூடையின் பூச்சுதான் முதலில் போகிறது என்பது நான் பார்த்த அளவில். நீங்கள் இருவர்தான் என்பதால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேடையின் மேல் வைப்பதானால் மட்டும். அலமாரியின் அடித்தட்டுக்குப் போன ஏர் ஃபிரையர் திரும்பி மேலே வராது.

சித்தி அனுப்பிய அமெரிக்க இயந்திரத்தைத் தயவுசெய்து அப்படியே பிளக்கில் சொருகாதீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மட்டும் மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது, ஒரு நொடியில் புகைந்துவிடும். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், இயந்திரத்தின் அடியில் எழுதியிருக்கும் வாட்ஸைவிடக் கூடுதல் திறனோடு. கனமான செங்கல் போல அது இன்னொரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வாராவாரம் கேக் செய்கிறவர் என்றால் அந்தத் தொல்லை தகும். இல்லையென்றால், அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகும் உறவினர் யாரிடமாவது கொடுத்தனுப்புவதே சித்திக்கும் மரியாதை. இந்தியாவிலிருந்து வரும் சாமான்களுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பெரிய 16 ஆம்பியர் இந்திய பிளக் நம் பழைய மூன்று முனை சாக்கெட்டில் நேரே பொருந்தும். மிக்ஸிக்கு வரும் சிறிய பிளக்தான் பொருந்தாது. அதை வெட்டிவிட்டு இங்குள்ள பிளக்கைப் போடச் சொல்லுங்கள். பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பழைய இந்தியக் கம்பியில் சிவப்பும் கறுப்பும் பச்சையும் இருக்கும், சிவப்புதான் லைவ். எர்த் கம்பியை வெட்டி விட்டுவிட்டு இரண்டு கம்பியை மட்டும் போட்டுத் தருகிறவரிடம் இனிமேல் போகாதீர்கள். ஸ்டீல் உடம்புள்ள கருவியில் அது ஒருநாள் கையைப் பிடிக்கும்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து அதைத்தான் வாங்கப் போகிறீர்கள். தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்கள் மேசைமேல் வைக்கும் வெட் கிரைண்டர் வாங்கி வருகிறார்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, தரத்தில் குறை சொல்ல முடியாது. மிக்ஸி வேகத்தில் மாவு சூடேறும், கிரைண்டரில் கல் மெதுவாகச் சுற்றுவதால் சூடேறாது, உளுந்தில் காற்று ஏறிப் பஞ்சாகப் பொங்கும். ஆனால் டர்பனில் நம் வீடுகளில் இட்லி தினப்பண்டம் அல்ல, ரொட்டியும் சோறும் பருப்பும் பீன்ஸும்தான். வாரம் ஒருமுறையாவது மாவு ஆட்டுகிறவர் வாங்கலாம். மாதம் ஒருமுறை என்றால், ஐஸ் தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் நடுநடுவே நிறுத்தி அரைத்தாலே போதும். மசாலா அரைக்கும் தனி இயந்திரமும் அப்படித்தான். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் கண்ணெதிரே அளந்து கலந்து தரும்போது வீட்டில் அதற்கென்று ஓர் இயந்திரம் எதற்கு? இண்டக்ஷன் அடுப்பு வாங்க நினைத்தால் முதலில் ஒரு காந்தத்தை எடுத்து உங்கள் சட்டிகளின் அடியில் ஒட்டிப் பாருங்கள். பிரியாணிக்கும் கறிக்கும் நாம் வைத்திருக்கும் அலுமினியச் சட்டிகளில் ஒட்டாது, அடுப்பு அவற்றைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அடுப்பின் விலையோடு புதுச் சட்டிகளின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கீழே இறங்கும் பொருள்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முறுக்கு அச்சு தீபாவளிக்கு மட்டும்தான் வெளியே வரும். ஆனால் அன்று பக்கத்து வீடுகளுக்குத் தட்டுத் தட்டாகப் பலகாரம் போக வேண்டுமே, வேறு எதை வைத்துச் சுற்றுவது? ஆயா காலத்து அம்மிக்கல் கல்யாணத்தன்று மணப்பெண் கால் வைப்பதற்கு மட்டும் கழுவி எடுக்கப்படுகிறது. அதைச் சும்மா கிடக்கும் பொருள் என்று யாரும் சொல்வதில்லை. அச்சு ஒரு கைப்பிடி அளவு, கெடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. இடத்தை அடைக்கும் பெரிய கருவிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அம்மி உங்கள் அடுக்குமாடிக்கு வேண்டாம், அது பெற்றோர் வீட்டு முற்றத்திலேயே இருக்கட்டும்.

மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது ஏற்படும் அதிர்ச்சியில் சாமான்கள் எரிந்துபோவதாக எல்லோரும் சொல்கிறார்கள். கரண்ட் திரும்பும் கணத்தில் வோல்டேஜ் எகிறக்கூடும் என்பது உண்மை. மின்னணுப் பலகை உள்ளவை, எலிமென்டும் தெர்மோஸ்டாட்டும் மட்டும் உள்ளவற்றைவிட அதைத் தாங்கும் சக்தி குறைந்தவை என்பதும் உண்மை. ஆனால் என் மேசைக்கு வந்த ஒரு குறிப்பிட்ட மைக்ரோவேவ் அதனால்தான் போனதா, ஈரத்தாலும் கரப்பான்பூச்சியாலும் போனதா என்று சத்தியம் செய்ய முடியாது. டர்பன் கடற்காற்றின் உப்பும் ஈரமும் பலகையை அரிப்பதை நான் அதிகமாகவே பார்க்கிறேன். எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: பயன்படுத்தாதபோது பிளக்கைக் கழற்றி வையுங்கள். ஒரே வேலைக்கு, திருகும் குமிழ் உள்ள கருவியும் தொடுதிரை உள்ள கருவியும் இருந்தால் குமிழ் உள்ளதை வாங்குங்கள். சோறு வடிக்கும் ரைஸ் குக்கரில் இருக்கும் சாதாரண சுவிட்ச் இதற்கு நல்ல சாட்சி. தண்ணீர் வற்றி அடித்தட்டின் சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் அடியில் உள்ள காந்தம் தன் ஈர்ப்பை இழந்து சுவிட்சை விட்டுவிடும், அவ்வளவே. அதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? கஞ்சி வடித்துச் சாப்பிடும் வீட்டுக்கு அது தேவையில்லை என்பது வேறு விஷயம்.

ஆக உங்கள் மேடையில் ஒரு மிக்ஸி, ஒரு பிரஷர் குக்கர், கெட்டில், ஏர் ஃபிரையர், தவா, கத்தி. மைக்ரோவேவ் இருந்தால் அதுவும், நேற்றைய கறியைச் சுட வைக்க. கொடுத்துவிடப்போகும் மிக்ஸியின் ஜார்கள் வைத்துக்கொள்ளும் மிக்ஸியில் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள், பொருந்தினால் ஜார்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பெட்டி திறக்காத பரிசுப் பொருள் எதுவானாலும் இந்த வாரமே திறந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்குத் தரும் காலம் 6 மாதம், அது கடையிலிருந்து பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து அல்ல. பில் பரிசு தந்தவரிடம் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஓடுகிற கருவியைக் கோயில் சமையற்கட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுப்பதானால் அவர்களுக்கு அது வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அவர்களிடமும் ஏற்கெனவே மூன்று ஜூசர் இருக்கும். ஓடாததைச் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின் சாதனக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுவதற்கு 2021 முதல் தடை இருக்கிறது, மறுசுழற்சிக்கு வாங்கிக்கொள்ளும் இடத்தில் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் வயரை பிளக் பக்கமாக வெட்டிவிடுங்கள், யாராவது எடுத்துத் துடைத்து, ஓடுகிற சாமான் என்று இன்னொரு வீட்டுக்கு விற்றுவிடாமல் இருக்கும்.